உடற்கூறியலுக்கு எதை நம்புவது: புத்தகமா, செயலியா, அட்டையா, நம் கையா?

என் சித்தி மகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்கள் அன்றாட வேலைகளை மீண்டும் செய்ய உதவும் சிகிச்சைத் துறை அது, நானும் அதில்தான் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இடது கையால் கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள். "அக்கா, இந்த அனாட்டமி செயலிக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிடவா? இல்ல, ஒரு சீனியர் பெரிய புத்தகம் ரெண்டும் பாதி விலைக்குத் தர்றாங்க, அதை வாங்கவா? கிளாஸ் தொடங்க மூணு வாரம்தான் இருக்கு."

வேலைக்கு வந்த இந்த ஆண்டுகளில் இதே கேள்வியைப் பல பேர் கேட்டுவிட்டார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பயத்தோடு கேட்கிறார்கள். மனித உடலில் 206 எலும்பு, 12 இணை மூளை நரம்பு, கணக்கில்லாத தசைப் பெயர்கள், எல்லாம் லத்தீனும் கிரேக்கமும் கலந்தவை. தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுக்காமல் வந்தவர்களுக்கு முதல் மாதம் வேற்று ஊரில் இறங்கியதுபோல இருக்கும். அந்தப் பயத்தில் எதையாவது வாங்கிவிட்டால் நிம்மதி வரும் என்று தோன்றுகிறது. வாங்குவதற்கு முன்னால் எதை வைத்து எடைபோட வேண்டும் என்று பார்ப்போம்.

## எடைபோடும் கற்கள்

மருத்துவம் படிப்பவருக்கும் நமக்கும் ஒரே உடல்தான் பாடம். ஆனால் நாம் அந்த உடலிடம் கேட்கும் கேள்வி வேறு. இந்த அம்மாவால் ஏன் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியவில்லை? இந்த ஐயா ஏன் கரண்டியை நழுவவிடுகிறார்? நம் வேலை இப்படி ஒரு செயலில் தொடங்கி உடலுக்குள் போகிறது. அதனால் நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, படித்த பெயர் மூன்று மாதம் கழித்தும் நினைவில் இருக்குமா? இரண்டு, அதை ஒருவர் உடம்பில் விரல் வைத்துக் காட்ட முடியுமா? மூன்று, அன்றாடச் செயல் ஒன்றோடு அது இணைகிறதா? நான்கு, உடலியங்கியலின் காரண காரியத்தைப் புரியவைக்குமா? ஐந்தாவது செலவு. பணத்தைவிட நேரத்தைத்தான் நான் முதலில் எண்ணுவேன்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நானே அதில் சறுக்கியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக் களப்பயிற்சியில், ஒரு மருத்துவமனையில், பக்கவாதத்தால் இடது கை விழுந்துபோன ஒரு பாட்டியின் அருகில் நின்றேன். என்னை மேற்பார்த்தவர், "தோளில் இடைவெளி இருக்கிறதா, தொட்டுச் சொல்லுங்கள்" என்றார். தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகள் நான்கின் பெயரும் எனக்குத் தலைகீழாகத் தெரியும்: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டீரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அக்ரோமியன் என்ற எலும்பு முனை எங்கே முடிகிறது, அதற்குக் கீழே கை எலும்பின் தலை எங்கே தொடங்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியவில்லை. அவர் என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். ஒரு விரல் உள்ளே போகும் அளவு இடைவெளி. தசை தளர்ந்ததால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிட்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிப் பாட்டியை எழுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

## பாடநூலும் படநூலும்

உடலியங்கியலுக்கு இன்றும் பாடநூலுக்கு மாற்று இல்லை என்பது என் முடிவு. உடற்கூறியல் "எது எங்கே" என்று சொல்லும், உடலியங்கியல் "ஏன், எப்படி" என்று சொல்லும். அந்த இரண்டாவதற்குத் தொடர்ச்சியான உரைநடை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பல நாள் படுக்கையில் இருந்த முதியவரைப் பல் துலக்கவும் முகம் கழுவவும் எழுப்பி நிறுத்துகிறோம். எழுந்ததும் ரத்தம் கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்குகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்புகின்றன. இதயம் வேகமாகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. படுத்தே கிடந்த உடலில் இந்தச் சங்கிலி மெதுவாகிவிடுகிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதற்கு ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன் என்று ஒரு பெயரே உண்டு. இதைப் படித்தவர், "தலை கிறுகிறுன்னு வருது" என்று நோயாளி சொல்லும் முன்பே, முகம் வெளுப்பதைக் கண்டு உட்காரவைத்துவிடுவார். இந்தக் காரணச் சங்கிலியை அட்டையில் துண்டு துண்டாகப் படித்தால் ஒட்டாது.

மறைந்திருக்கும் செலவு, படித்துவிட்டோம் என்ற நிறைவுதான். மஞ்சள் பேனாவால் கோடிட்டு, திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மறுபடி மறுபடி வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். எனவே வாசிப்பது ஒரு தடவை, மூடிவைத்துவிட்டுச் சொல்லிப்பார்ப்பது இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்குப் பயப்பட வேண்டாம். உடற்கூறியல் படநூலைப் பொறுத்தவரை முந்தைய பதிப்பு தாராளமாகப் போதும். மணிக்கட்டின் எட்டு எலும்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் ஒரு சுற்று வாருங்கள், தேசிய நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், கல்லூரி நூலகம் மின்நூலாகத் தருகிறதா என்று கேளுங்கள். உடலியங்கியல் நூல் மட்டும் ஓரளவு புதிய பதிப்பாக இருக்கட்டும்.

## முப்பரிமாணச் செயலி

ஆழத்தைக் காட்டுவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற புய நரம்புப் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஐந்தாம் நரம்பு வேரிலிருந்து மார்பின் முதல் வேர் வரை, ஐந்து வேர்கள் மூன்று தண்டாகி, ஆறாகப் பிரிந்து, மூன்று வடமாகி, ஐந்து பெரிய நரம்புகளாகக் கைக்குள் இறங்குகின்றன. தாளில் இது பின்னிய ஜடையைப் பிரித்துப் போட்டதுபோல இருக்கும். செயலியில் காறை எலும்பைத் தூக்கி வைத்துவிட்டு, மார்புத் தசையை மறைத்துவிட்டு, பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். அக்குளில் இந்த வடங்கள் தமனியைச் சுற்றி நிற்பதைக் கண்டவுடன், பின் வடத்திலிருந்து வரும் ரேடியல் நரம்பு கையின் பின்புறத்துக்கு ஏன் போகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

சப்ஸ்கேப்புலாரிஸ், கண்ணின் தசைகள், மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புச் செல் தொகுதிகள், இவற்றையெல்லாம் தொட்டுப் பார்ப்பது எளிதில்லை அல்லது முடியாது. அங்கே செயலிக்கே என் ஓட்டு.

ஆனால் சந்தா ஆண்டுதோறும் வரும். அதைவிடப் பெரிய செலவு வேறு. செயலியில் ஒவ்வொரு தசைக்கும் ஒரு நிறம், தொட்டால் பெயர். கண்டுபிடிக்கும் வேலையை அது செய்துவிடுகிறது. நோயாளியின் கையில் நிறமும் இல்லை, பெயரும் இல்லை. தோல், கொழுப்பு, வீக்கம், பழைய தழும்பு, இவற்றின் அடியில்தான் நாம் தேடுகிறோம். அப்புறம், கைப்பேசியில் படிக்க உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் வேறெங்கோ போய்விடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சந்தா கட்டும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் கல்லூரி நூலகம் ஏற்கனவே ஏதாவது ஒரு செயலிக்கு அனுமதி வாங்கிவைத்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் இலவச முன்னோட்டம் இருந்தால், அதைத் தோளும் கையும் பாடமாக நடக்கும் வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

## நினைவட்டைகள்

பெயர், இணையும் இடம், நரம்பு, செயல் என்று கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தே ஆக வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதற்கு அட்டைதான். இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் ஆங்கி போன்ற மென்பொருள், மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்தும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம், ஐபோனில் ஒருமுறை பணம் கட்ட வேண்டும்.

ரயிலில் நிற்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பூன் லேயிலிருந்து கிளம்பி ஊட்ரம் பார்க்கில் மாறி, பொங்கோல் கோஸ்ட்டில் இறங்கி சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போகிறவருக்கு ஒரு நாளில் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அதில் அரை மணி நேரம் கொடுத்தால் போதும்.

ஆயத்த அட்டைக் கட்டுகளை இறக்கிப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலானவை மருத்துவ மாணவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நமக்குத் தேவைப்படாத ஆயிரம் அட்டைகளோடு மல்லுக்கட்டுவோம். நான்கு நாள் விட்டால் பாக்கி மலையாகக் குவிந்து, ஐந்தாம் நாள் திறக்கவே மனம் வராது. சொந்தமாக எழுதுங்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து போதும். கேள்வியை நம் தொழிலுக்கு ஏற்பத் திருப்பி எழுதுங்கள். "மீடியன் நரம்பு எந்தத் தசைகளுக்குப் போகிறது?" என்பதைவிட, "சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கட்டைவிரல் எதிரே வரவில்லை, எந்த நரம்பு?" என்று எழுதினால் விடையும் நிற்கும், பயனும் நிற்கும்.

பெயரைப் பிரித்துப் பார்ப்பதும் உதவும். 'சுப்ரா' என்றால் மேலே, 'இன்ஃப்ரா' என்றால் கீழே, 'ஸ்பைன்' என்பது தோள்பட்டை எலும்பின் மேடு. மேட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான்.

## நம் உடம்பும் நண்பர் உடம்பும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன். காசில்லாமல் கிடைப்பதாலோ என்னவோ, யாரும் இதை ஒரு படிப்பு முறையாக எண்ணுவதில்லை.

சித்தி மகளிடம் அன்று சொன்னதையே சொல்கிறேன். உன் வலது கையைப் பார். சோற்றின்மேல் உள்ளங்கை கவிழ்ந்திருக்கிறது. விரல்கள் மடங்கிப் பிசைகின்றன, அதைச் செய்யும் தசைகளில் பெரியவை முன்கையில் இருக்கின்றன, தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. விரலின் அடி மூட்டு மடங்கி, மேல் மூட்டுகள் நீண்டு, கை ஒரு கிண்ணமாகிறது, அது உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகளின் வேலை. இப்போது முழங்கை மடங்குகிறது, கூடவே முன்கை திரும்பி உள்ளங்கை வாயைப் பார்க்கிறது. பைசெப்ஸ் இந்த இரண்டையும் சேர்ந்தே செய்யும். கடைசியில் கட்டைவிரல் பின்னாலிருந்து நீண்டு கவளத்தை உள்ளே தள்ளுகிறது. ஒரு வாய்ச் சோற்றில் விரல்களை இயக்கும் மீடியன், அல்நர், ரேடியல் மூன்று நரம்புகளும் வேலை செய்துவிட்டன.

மணிக்கட்டு எங்கே வந்தது என்று கேட்டாள். நீங்களும் செய்து பாருங்கள். மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கிக்கொண்டு கையை இறுக மூடிப் பாருங்கள். பிடி வராது. மணிக்கட்டைச் சற்றே மேலே தூக்கிவிட்டு மூடினால் இறுகும். விரலை மடக்கும் தசைக்குச் சரியான நீளம் கிடைப்பது மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளால். அவற்றுக்கு வருவது ரேடியல் நரம்பு. அந்த நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போனவருக்கு விரல் தசை நன்றாக இருந்தும் பிடி இருக்காது. மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட் போட்டதும் டம்ளரைப் பிடித்துவிடுவார்.

இன்னொன்று. கையைத் தளர விட்டு, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்குங்கள், விரல்கள் தானாக உள்ளே சுருளும். கீழே விட்டால் விரியும். கழுத்துத் தண்டுவடம் ஆறாம் மட்டத்தில் அடிபட்டு, விரல்களை அசைக்க முடியாதவர் இந்த ஒரு சூட்சுமத்தால் பொருள்களை எடுக்கிறார். அவர் கை விரல்களை நாம் தெரியாமல் முழுக்க நீட்டி இழுத்துப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பிடியையே கெடுத்துவிடுவோம். உடற்கூறியல் தெரியாததால் வரும் கேடு இப்படித்தான் வரும்.

கண்மை பென்சில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்புத் தோழர் இரண்டு மூன்று பேர், வாரத்துக்கு ஒரு மாலை. கட்டைவிரலை நீட்டினால் அடியில் விழும் குழியை வரையுங்கள், அதன் தரையில் ஸ்கேஃபாய்டு எலும்பு. முழங்கையை எங்கே இடித்தால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுகிறதோ அந்தப் பள்ளத்தைக் குறியுங்கள், அங்கே அல்நர் நரம்பு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவே ஒரு நாண் துருத்தும், அது பால்மாரிஸ் லாங்கஸ். உங்களில் ஒருவருக்கு அது இல்லாமலே இருக்கலாம், அப்படிப் பிறப்பவர்கள் உண்டு. படநூலில் இருக்கும் உடல் ஒன்று, உலகத்தில் இருக்கும் உடல்கள் பல என்பதை இந்தச் சின்ன நாண் கற்றுக்கொடுக்கும்.

இதற்கும் குறைகள் உண்டு. இரண்டு பேரும் தவறாகத் தெரிந்துவைத்திருந்தால் தவறு உறுதிப்பட்டுவிடும், பக்கத்தில் படநூல் திறந்திருக்க வேண்டும். பேச்சில் மாலை கரைந்துபோகும். தொடுவதில் எல்லாருக்கும் ஒரே வசதி இருக்காது, எங்கே தொடப்போகிறேன் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, பிறகு தொடுங்கள். நாளை நோயாளியிடமும் அதையேதான் செய்யப்போகிறோம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உங்கள் தோழர் இருபது வயது ஆரோக்கியமானவர். தசை மெலிந்த கை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வீட்டுப் பெரியவர்களின் கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வீட்டில் தமிழில் விளக்கிச் சொல்லிப் பார்ப்பதும் இந்த முறையின் ஒரு பகுதி. "மரத்துப்போச்சு" என்று பாட்டி சொன்னால் உணர்வு போயிருக்கிறது என்று பொருளா, அல்லது வலு போயிருக்கிறதா? "எரியுது", "குத்துது", "இழுக்குது" ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டும். தமிழ் மட்டுமே பேசும் முதியவர் நம் எதிரில் வந்து உட்காரும் நாளில், இந்தச் சொற்களைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் பாதி வழியைக் கடந்துவிடுவார்.

## நான்கும் அருகருகே

| | நினைவில் நிற்பது | தொட்டறிவது | செயலோடு இணைவது | உடலியங்கியல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| பாடநூல், படநூல் | மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தால் | இல்லை | கொஞ்சம் | மிக நன்று | தெரிந்துவிட்டது என்ற மயக்கம் |
| முப்பரிமாணச் செயலி | சுமார் | இல்லை, ஆழம் மட்டும் புரியும் | கொஞ்சம் | சுமார் | ஆண்டுச் சந்தா, கவனச் சிதறல் |
| நினைவட்டைகள் | மிக நன்று | இல்லை | கேள்வியை மாற்றி எழுதினால் | துண்டு துண்டாக | குவியும் பாக்கி |
| உடம்பில் வரைந்து, தொட்டுப் படிப்பது | நன்று | மிக நன்று | மிக நன்று | குறைவு | பேச்சில் கரையும் நேரம், உறுதிப்படும் தவறு |

தனிப்பட்ட டியூஷன் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு தேர்வில் தவறி, எங்கே தவறினோம் என்றே தெரியாமல் இருப்பவருக்கு நான்கைந்து வகுப்பு உதவலாம். மற்றவர்கள் ஆசிரியரின் ஆலோசனை நேரத்தைப் பயன்படுத்துங்கள், அது ஏற்கனவே கட்டிய கட்டணத்தில் அடங்கியது.

## யாருக்கு எது

உயிரியல் படிக்காமல் வந்தவர் பாடநூலில் தொடங்குங்கள். முதல் மூன்று வாரம் செல், நரம்பு, தசை சுருங்கும் விதம், ரத்த ஓட்டம், இவ்வளவே. பெயர்ப் பட்டியல் பக்கம் போகவே வேண்டாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சுகாதாரம் சார்ந்த படிப்பை முடித்து வந்தவருக்குப் பெயர்களும் அடிப்படையும் ஓரளவு இருக்கும். நீங்கள் நேராகத் தொட்டுப் படிப்பதில் இறங்கலாம், மறந்தவற்றுக்கு மட்டும் அட்டை.

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் நடுவயது மாணவருக்குக் குழுவாகக் கூடுவது நடக்காத காரியம். அட்டையும், குழந்தையின் கையும் காலும் போதும். சட்டை மாட்டிவிடும்போது எந்த மூட்டு எப்படித் திரும்புகிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மாட்டுங்கள்.

இடத்தை மனத்தில் திருப்பிப் பார்ப்பது கடினமாக இருப்பவர், நரம்பு மண்டலம் நடத்தும் பருவத்துக்கு மட்டும் செயலிக்குப் பணம் கட்டலாம். நடு மூளைத் தமனி அடைத்தால் முகமும் கையும் ஏன் காலைவிட அதிகம் பாதிக்கப்படுகின்றன என்பது, அந்தத் தமனி மூளையின் பக்கவாட்டில் பரவுவதைச் சுற்றிப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும். கால் பகுதி உள்பக்க மடிப்பில், வேறு தமனியின் எல்லையில் இருக்கிறது.

களப்பயிற்சி நெருங்கும் யாராக இருந்தாலும், கடைசி இரண்டு வாரம் மற்ற மூன்றையும் குறைத்துவிட்டு விரலைப் பழக்குங்கள். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு கேட்பது குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி. அத்தனை மணி நேரமும் நாம் மனிதர்களைத் தொட்டுத்தான் நிற்கப்போகிறோம்.

சித்தி மகளிடம் இப்போதைக்குச் சந்தா கட்ட வேண்டாம், சீனியரிடம் உடலியங்கியல் நூல் புதிய பதிப்பாக இருந்தால் அதை மட்டும் வாங்கு என்றேன். தேக்காவிலிருந்து கிளம்பும்போது அவள் உள்ளங்கையில் கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மேட்டை வட்டமிட்டுக் காட்டி, அதற்கு வருவது மீடியன் நரம்பு என்றும் சொல்லியனுப்பினேன்.

அன்று இரவே ஒரு படம் அனுப்பினாள். கண்மை வட்டத்தோடு அவள் கை, பக்கத்தில் அவள் அப்பாயியின் கை. "அப்பாயிக்கு மட்டும் இந்த மேடு ஏன்க்கா இப்படி ஒட்டிப்போயிருக்கு?" அந்த நரம்பு மணிக்கட்டில் நெரிபட்டாலும் இந்த மேடு மெலியலாம். அதனால் இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகிறதா, கையை உதறினால் சரியாகிறதா என்று கேட்கச் சொன்னேன். ரொம்ப நாளாக அப்படித்தானாம், வயசானால் வருவது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். புதன்கிழமை பலதுறை மருந்தகத்தில் காட்டுகிறார்கள்.